பெரிய மேட்ச்னா வெறி, சாதா மேட்ச்னா கடனேன்னு: ஏன் இப்படி?

#1 இடதுகால்

ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருக்கிற கேள்வி. இங்க கொட்டிடுறேன்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்ல 2015-16 சீசன் செல்சியை ஞாபகம் இருக்கா? முந்தின வருஷ சாம்பியன். அந்த வருஷம் முடிச்சது 10-வது இடத்துல. வாராவாரம் உட்கார்ந்து பார்த்தவன் நான். சாயங்காலம் எப்போ ஆகும்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கிற ஆபீஸ் ஆளுங்க மாதிரி ஆடினாங்க. அவங்க ஸ்டார் ஹசார் ஏப்ரல் 23 வரைக்கும் லீக்ல ஒரு கோல்கூடப் போடலை.

அப்புறம் 2016 மே 2. டாட்டன்ஹாம் வந்தாங்க. ஜெயிச்சாத்தான் அவங்க டைட்டில் ஆசைக்கு உசுரு. செல்சிக்கு அந்த மேட்ச்ல கிடைக்கப்போறது ஒண்ணுமே கிடையாது. இடைவேளையில 0-2. வெளிய வந்தது வேற டீம். கேஹில் ஒண்ணு. 83-வது நிமிஷம் ஹசார், பாக்ஸ் ஓரத்துலேர்ந்து மேல்மூலைக்கு வளைச்சு ஒண்ணு. 2-2. டாட்டன்ஹாம் ஜெயிக்காததால லெஸ்டர் சாம்பியன். டாட்டன்ஹாம் ஆளுங்களுக்கு மட்டும் 9 மஞ்சள் அட்டை.

அந்த 45 நிமிஷம் ஆடின ஆளுங்க ஆகஸ்ட்லேர்ந்து எங்க போயிருந்தாங்க? சம்பளம் 38 மேட்சுக்கும் சேர்த்துத்தானே வாங்குறாங்க?

ரசிகர்களையும் சேர்த்தேதான் கேக்குறேன். நாமளும் யோக்கியம் இல்லை. டெர்பின்னா, அதான் பக்கத்து ஊர்ப் பங்காளி டீம் கூட மேட்ச்னா, மூணு நாள் தூக்கம் வராது. டேபிள்ல 14-வது டீம் கூட மேட்ச்னா ஸ்கோர் மட்டும் போன்ல பார்த்துட்டுப் படுத்துடுறோம்.

#2 ஆஃப்சைடு அண்ணாச்சி

ஸ்கோர் பார்க்குறீரா? நான் அதுகூட மறுநாள் காலையிலதான்.

#3 எண்கணக்கு

நண்பரே, செல்சி உதாரணம் கொஞ்சம் கலங்கலானது. டிசம்பரில் பயிற்சியாளர் மொரின்யோ நீக்கப்பட்டார், ஹசாருக்குக் காயம் இருந்தது. எல்லாவற்றையும் ஆர்வத்தின் கணக்கில் எழுத முடியாது.

இதைவிடத் துல்லியமான உதாரணம் லிவர்பூலின் 2004-05. லீக்கில் 58 புள்ளிகள், 14 தோல்விகள், 5-வது இடம். சாம்பியன் செல்சிக்கு 95. இடைவெளி 37 புள்ளிகள். அதே செல்சியிடம் அந்த சீசனில் லீக்கில் இரண்டு முறை தோற்றார்கள், லீக் கோப்பை இறுதியிலும் தோற்றார்கள். ஆனால் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அதே செல்சியை வெளியேற்றினார்கள். பிறகு இஸ்தான்புல்லில் இறுதி ஆட்டம்: மிலானுடன் 0-3 இலிருந்து 3-3, பெனால்டியில் கோப்பை.

என் கருத்து: இது சோம்பல் அல்ல, சிக்கனம். 2020-21இல் ஸ்பெயின் ஆட்டக்காரர் பெத்ரி கிளப், நாடு, ஒலிம்பிக்ஸ் எல்லாம் சேர்த்து 73 ஆட்டங்கள் ஆடினார். அப்போது அவருக்கு 18 வயது. 73 ஆட்டங்களிலும் உயிரைக் கொடுத்து ஆடு என்றால், கொடுக்க எத்தனை உயிர் இருக்கிறது? உடம்பு தானாகவே பங்கு போட்டுக்கொள்ளும்.

#4 இடதுகால்

> இது சோம்பல் அல்ல, சிக்கனம்

அதே லிவர்பூல் சீசனையே எடுத்துக்குவோம். 2005 ஜனவரி, எஃப்.ஏ. கோப்பையில கீழ் டிவிஷன் டீம் பர்ன்லி கூட மேட்ச். லிவர்பூல் கோச் பெனிட்டெஸ் பாதி ரிசர்வ் டீமை இறக்குறார். ஜிமி த்ராவோரே தன் கோல் வாசல்ல நின்னுக்கிட்டு, பந்தைக் காலடியில இழுத்துத் திரும்பி ஸ்டைல் காட்டப் பார்த்து, நேரா சொந்த கோலுக்குள்ள உருட்டிவிட்டார். 0-1, வெளிய. இதுவும் சிக்கனமா? அந்தப் பந்தை வெளிய உதைக்க எவ்வளவு சக்தி வேணும்?

#5 கம்பத்துக்காவலன்

த்ராவோரே பேரை எடுத்துட்டீங்க, இனி நான் சும்மா இருக்க முடியாது.

அதே ஆள் நாலு மாசம் கழிச்சு இஸ்தான்புல்ல ஆடினான். முதல் நிமிஷமே மிலானோட காகாவைத் தடுக்கப்போய் ஃப்ரீகிக் கொடுத்தான். அதுல மால்டினி கோல். இடைவேளையில அவனை எடுத்துடலாம்னு கோச் முடிவு பண்ணி, குளிக்கப் போன்னும் சொல்லியாச்சு. ஃபின்னனுக்கு அடிபட்டிருக்குன்னு தெரிஞ்ச பிறகு, திரும்ப பூட்ஸை மாட்டுன்னு கூப்பிட்டாங்க. 3-3 ஆன கொஞ்ச நேரத்துல எங்க கோல்கீப்பர் இனத்து டூடெக் கையிலேர்ந்து பந்து நழுவுது, ஷெவ்செங்கோ அடிக்கிறான், கோட்டு மேல நின்னு வெளிய தள்ளினது யாரு? த்ராவோரே. பர்ன்லியில ஸ்டைல் காட்டின அதே காலு.

நான் கீழ் டிவிஷன்ல 11 வருஷம் கோல் காத்தவன், தம்பி. பெருமைக்குச் சொல்லலை. கோல்கீப்பருக்குன்னு ஒரு வசதி இருக்கு, அதைச் சொல்றதுக்காகச் சொல்றேன். பத்துப் பேரோட முதுகும் அவனுக்குத்தான் தெரியும். டிவி பந்து பின்னாடியே போகும். நான் பந்து போன இடத்தைப் பார்க்க மாட்டேன், பந்தைத் தொலைச்சவனைப் பார்ப்பேன்.

எங்க வலது விங்கர் ஒருத்தன். நல்ல ஆட்டக்காரன், சோம்பேறின்னு யாரும் சொல்ல முடியாது. சாதா நாள்ல பந்து பறிபோனா மூணு எட்டு ஓடுவான், நாலாவது எட்டு நடை, அஞ்சாவதுல கை இடுப்புக்குப் போயிடும். அதுக்குள்ள எதிராளி அவனைத் தாண்டி இருபது அடி போயிருப்பான். அதே விங்கர், லீக்ல மேல இருக்கிற டீம் கூட ஆடுறப்போ, பந்து காலை விட்டுப் போகும்போதே உடம்பு திரும்பியிருக்கும். முடிவு பண்ணி ஓடுறது கிடையாது அது. முதல் ரெண்டு எட்டு தானா வந்துடும். வித்தியாசமெல்லாம் அந்த ரெண்டு எட்டுலதான். மிச்ச ஓட்டம் எல்லா மேட்ச்லயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

சாதா மேட்ச் முடிஞ்சு உடை மாத்துற அறையில அவன்கிட்ட கேட்டிருக்கேன். முழுசா ஓடினேன் அண்ணேன்னு சத்தியம் பண்ணுவான். பொய் சொல்லலை அவன். ஓடாத ரெண்டு எட்டு ஓடாதவனுக்குத் தெரியாது.

அதனால ‘சிக்கனம்’ங்கிற வார்த்தையை நான் ஒத்துக்க மாட்டேன். சிக்கனம்னா எண்ணி எடுத்து வைக்கணும். இங்க யாரும் எண்ணுறதில்லை.

#6 ஆஃப்சைடு அண்ணாச்சி

எல்லாரும் ‘பெரிய மேட்ச்’னா வெறி தானா வரும்னு பேசுறீங்க. 1982 ஜூன் 25, ஸ்பெயின்ல கிஹோன். உலகக் கோப்பை. மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். இதைவிடப் பெரிய மேடை எங்க இருக்கு?

அல்ஜீரியா முந்தின நாளே தன் கடைசி மேட்சை முடிச்சாச்சு. ஜெர்மனி ஒண்ணு இல்ல ரெண்டு கோல்ல ஜெயிச்சா ரெண்டு ஐரோப்பிய டீமும் உள்ள, அல்ஜீரியா வெளிய. அந்த அல்ஜீரியா இதே ஜெர்மனியை 2-1-னு அடிச்ச டீம். 10-வது நிமிஷம் ஹ்ருபெஷ் கோல் போட்டான். அப்புறம்? பந்தை அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிக்கிட்டு நின்னாங்க. அல்ஜீரியா ரசிகர்கள் கேலரியிலேர்ந்து ரூபா நோட்டை ஆட்டிக் காட்டினாங்க, விலை போயிட்டீங்கடான்னு. (ரூபான்னா ரூபா இல்ல, எந்த ஊர் நோட்டோ. அர்த்தம் புரியுதுல்ல.) 1986-லேர்ந்து குரூப்போட கடைசி ரெண்டு மேட்சையும் ஒரே நேரத்துல வைக்கிறதே இந்தக் கூத்தாலதான்.

ஆக மேடை பெருசா இருந்தாப் போதாது. தோத்தா எதையாவது இழக்கணும்.

#7 கடைசிவரிசை

ஆட்டக்காரர்களைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. கேலரி பக்கமும் வாங்க.

சின்ன கிளப் ஒண்ணோட சீசன் டிக்கெட்காரி நான். ஒரே சீட், ஒன்பது வருஷம். எனக்கு இடது பக்கம் ஒரு தாத்தா. பேர் தெரியாது, கேட்டதும் இல்லை. கத்த மாட்டார், பாட மாட்டார். ஆட்டம் முழுக்க எங்க இடது பேக்கோட பேரை மட்டும் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பார். பந்து அந்தப் பக்கம் வந்தா வேகமா, போயிட்டா மெதுவா. ஜபம் மாதிரி. மழை நாள்ல ஆளே இல்லாத கேலரியில அந்த முணுமுணுப்பு மட்டும் காதுல விழும்.

டெர்பி அன்னைக்கு வந்து பாருங்க. முன்பின் பார்க்காத முகம் நாலு. கார்னர் கிக்குக்கெல்லாம் போனைத் தூக்கிடுறாங்க. சத்தம் காதைக் கிழிக்கும், மறுக்கலை. ஆனா எங்க இடது பேக் பேரு அதுல பாதிப் பேருக்குத் தெரியாது. போன டெர்பியில தாத்தா எழுந்து போய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்னுக்கிட்டார். நானும் பத்து நிமிஷம் கழிச்சு அங்கேயே போயிட்டேன்.

பெரிய மேட்ச்ல ரசிகனோட ஆர்வம் கூடுதுன்னு சொல்றீங்க. கூடுறது ரசிகர்களோட எண்ணிக்கை. இங்கிலாந்துல கீழ் டிவிஷன் கிளப்களுக்குன்னு ஒரு கோப்பை இருக்கு, இ.எஃப்.எல். டிராஃபி. பெரிய கிளப்களோட 21 வயசுக்குட்பட்ட டீம்களை 2016-ல அதுக்குள்ள விட்டதும் ரசிகர்கள் கோபத்துல புறக்கணிச்சாங்க. முதல் சுற்றுல எத்தனையோ மைதானம் காத்து வாங்குச்சு. 2019 ஃபைனல், போர்ட்ஸ்மவுத்தும் சண்டர்லேண்டும், வெம்பிளி: 85,021 பேர்! அதே கோப்பைதான். இந்த 85 ஆயிரம் பேரும் முதல் சுற்று அன்னைக்கு எங்க இருந்தாங்களோ.

ஆனா அதே சண்டர்லேண்ட் பத்தி இன்னொண்ணும் சொல்லணும். மூணாவது டிவிஷனுக்கு விழுந்து கிடந்த நேரம். 2018 டிசம்பர் 26, பிராட்ஃபோர்டு கூட ஒரு சாதாரண லீக் மேட்ச். 46,039 பேர். கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் 2012-ல நாலாவது டிவிஷன்ல போடப்பட்டப்போ ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷையரைப் பார்க்க 49 ஆயிரத்துக்கு மேல வந்தாங்க. எதிர்ல யாருன்னு பார்த்து வந்த கூட்டம் இல்லை அது.

#8 ஆஃப்சைடு அண்ணாச்சி

அக்கா, 2000-ல மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன் இதைத்தான் கடுப்புல சொன்னார். டைனமோ கீவ் கூட சாம்பியன்ஸ் லீக் மேட்ச் ஜெயிச்சும் சொந்த ரசிகர்களையே வாங்கு வாங்குன்னு வாங்கினார். இறால் சாண்ட்விச் தின்னுக்கிட்டு, களத்துல என்ன நடக்குதுன்னே தெரியாம உட்கார்ந்திருக்காங்கன்னு. அதுவும் ‘பெரிய’ மேட்ச்தான்.

#9 எண்கணக்கு

கூட்டம் ஆட்டக்காரர்களை மாற்றுகிறதா என்பதற்கு ஒரு சோதனை, யாரும் திட்டமிடாமலே நடந்தது. 2020-21. கொரோனாவால் பெரும்பாலும் பூட்டிய கதவுகளுக்குள் ஆட்டங்கள். அந்த பிரீமியர் லீக் சீசனில் சொந்த மைதானத்தில் ஆடியவர்கள் வென்றது 144, வெளியிலிருந்து வந்தவர்கள் வென்றது 153. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அதற்கு முன் எந்த சீசனிலும் வெளியூர் வெற்றிகள் அதிகமாக இருந்ததில்லை.

சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்கள் தோல்வி காணாத லிவர்பூல், அங்கே அடுத்தடுத்து 6 ஆட்டங்களில் தோற்றது. அந்த 68-ஐ உடைத்தது யார் தெரியுமா? மறுபடியும் பர்ன்லி. (தடுப்பாட்டக்காரர் வான் டைக் காயத்தால் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லையென்றால் அடிக்க வருவீர்கள்.)

ஆளில்லாத மைதானத்தில் எல்லா ஆட்டமும் சாதா ஆட்டம் ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. #5இல் சொன்ன அந்த இரண்டு எட்டு, கூட்டத்தின் காலில்தான் இருக்கிறதோ?

#10 கம்பத்துக்காவலன்

> அந்த இரண்டு எட்டு, கூட்டத்தின் காலில்தான் இருக்கிறதோ?

பாதிதான். கூட்டம் இல்லாமலேயே வெறியோட ஆடின மேட்ச் எனக்கு உண்டு. பன்னிரண்டு பேர் பார்த்தாங்க, அதுல ரெண்டு பேர் பந்து பொறுக்குற பசங்க. எதிர் டீம்ல எங்களை விட்டுட்டுப் போன ஸ்ட்ரைக்கர். அன்னைக்கு எங்க விங்கர் 90 நிமிஷமும் நடக்கவே இல்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் தொடலை. உனக்குச் சாதா மேட்ச்னா எதிராளிக்கும் சாதான்னு யார் சொன்னா? 2009 அக்டோபர், ரியல் மாட்ரிட். அந்தக் கோடையிலதான் ரொனால்டோ, காகா, பென்ஸெமான்னு கோடி கோடியாக் கொட்டி வாங்கியிருந்தாங்க. ஸ்பெயின் கோப்பையான கோப்பா டெல் ரேயில மூணாவது டிவிஷன் அல்கோர்கோன் கூட மேட்ச். ரொனால்டோ காயத்துல இல்லை, ஆனா ரவுல், பென்ஸெமா, குட்டி எல்லாம் களத்துல. 0-4! கோல் காத்தது யாரு? டூடெக். இஸ்தான்புல்ல ஷெவ்செங்கோவோட ரெண்டு ஷாட்டைக் கையை வீசித் தடுத்த அதே டூடெக். மாட்ரிட்டுக்கு அது நாள்காட்டியில ஒரு செவ்வாய்க்கிழமை. அல்கோர்கோன் ஆளுங்களுக்குப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ற கதை.

விகன் இன்னும் மோசம். 2013 மே 11-ல மான்செஸ்டர் சிட்டியை எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்ல அடிச்சாங்க, 90 நிமிஷம் முடிஞ்சு இஞ்சுரி டைம்ல வாட்சன் தலையால முட்டினது. மூணே நாள். 14-ம் தேதி ஆர்சனல் கிட்ட 1-4, லீக்லேர்ந்து கீழ இறங்கிட்டாங்க. கோப்பையைத் தூக்கின கை வலிகூடப் போயிருக்காது.

#11 இடதுகால்

ஒத்துக்கிறேன் அண்ணே. ஆனா #6-ல அண்ணாச்சி சொன்ன ‘தோத்தா எதையாவது இழக்கணும்’ எனக்கு இடிக்குது. 2016 மே 15, என் செல்சி கதைக்கு 13 நாள் கழிச்சு. அதே டாட்டன்ஹாம், நியூகாசில்ல. ஒரு டிரா பண்ணினாலே ஆர்சனலுக்கு மேல 2-வது இடம். நியூகாசில் ஏற்கெனவே கீழ இறங்கியாச்சு, இழக்க மிச்சம் எதுவுமே இல்லை. நடுவுல மித்ரோவிச்சுக்குச் சிவப்பு அட்டை வேற, பத்துப் பேர். முடிவு 5-1. நியூகாசிலுக்கு!

அன்னைக்கு மைதானம் முழுக்க ரசிகர்கள் அப்போ நியூகாசில் கோச்சா இருந்த பெனிட்டெஸைப் போகாதீங்கன்னு பாடிக்கிட்டே இருந்தாங்க. அவரும் போகலை. செத்த மேட்ச்னு நாம சொல்றது எந்தக் கணக்குல? புள்ளிப் பட்டியல் கணக்குல மட்டும்தான் போல.

#12 மட்டுறுத்துநர்

மெஸ்ஸியா ரொனால்டோவா என்று தொடங்கிய 11 பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை இருக்கிறது. ஏழு இழைகள் இருக்கின்றன.

#13 வெற்றுக்கேலரி

இங்கே முதல்முறை எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னிக்கவும்.

2018 ஜூன் 1, மும்பையில் இந்தியா - சீன தைபே. சேத்ரி ஹாட்ரிக், 5-0. பார்க்க வந்தவர்கள் 2,569. மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். மைதானத்துக்கு வாருங்கள், திட்டுவதானாலும் வந்து முகத்துக்கு நேராகத் திட்டுங்கள் என்று. ஜூன் 4, அதே மைதானம், எதிரே கென்யா. டிக்கெட் முழுக்கத் தீர்ந்தது. அவருக்கு 100-வது ஆட்டம், இரண்டு கோல்.

மூன்றே நாளில் சாதா மேட்ச் பெரிய மேட்ச் ஆனது. எதிரணி பெரிதாகவில்லை, கோப்பையும் பெரிதாகவில்லை. ஒருவர் கேட்டார், வந்தார்கள்.

#14 கடைசிவரிசை

வாங்க, தப்பெல்லாம் ஒண்ணும் இல்லை. நல்ல உதாரணம்.

ஆனா பாருங்க, அந்த 2,569 பேரை யாரும் கேட்டுக் கூப்பிடலை. 5-0-வை நேர்ல பார்த்தவங்க அவங்கதான். எனக்கு அவங்களைத்தான் பிடிச்சிருக்கு. சேத்ரியும் முதல் நாள் காலியான கேலரிக்கு முன்னாடிதானே மூணு கோல் போட்டார்? அதுக்கு அடுத்த மேட்ச்ல ரெண்டுதான். 😄

#15 எண்கணக்கு

இந்தக் கணக்கை நான் போட்டிருக்க வேண்டும்.

#16 இடதுகால்

சரி, காவலன் அண்ணே சொன்னதைச் சோதிச்சே பார்த்துடுறேன். இன்னைக்கு ராத்திரி ஒரு மேட்ச் இருக்கு. 11-வது டீமும் 13-வது டீமும். ரெண்டுக்கும் மேல போகவும் வழியில்லை, கீழ விழவும் வாய்ப்பில்லை. பந்தைப் பார்க்கப் போறதில்லை. தொலைச்சவனைத்தான்.

#17 கம்பத்துக்காவலன்

டிவியில கஷ்டம் தம்பி. கேமரா விடாது. அகலமா காட்டுறப்போ மட்டும் பாரு.

#18 இடதுகால்

31-வது நிமிஷம். 0-1. வலது விங்கர் பந்தை விட்டான். எண்ணினேன். நாலு எட்டு. கை இடுப்புல. அண்ணே, சிரிச்சுட்டேன். வீட்ல எல்லாரும் திரும்பிப் பார்க்குறாங்க.

#19 ஆஃப்சைடு அண்ணாச்சி

நாலா? கடும் உழைப்பாளியா இருப்பான் போல.

#20 இடதுகால்

60. 0-2. இப்போ நடுக்கள ஆளுங்களும் நடை. கேலரியில பாதி சீட்டு தெரியுது. கமென்டேட்டர் அடுத்த வாரத்து டெர்பியைப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சு.

#21 இடதுகால்

87. 0-3. இப்போ ஒண்ணு நடந்துச்சு. தோத்துக்கிட்டு இருக்கிற டீம் அடிச்ச கார்னர்லேர்ந்து பந்து வெளிய வருது, எதிராளி ரெண்டு பேர் அதை எடுத்துக்கிட்டுப் பறக்குறாங்க. எல்லாரும் நின்னுட்டாங்க. இடது பேக் மட்டும், 3-ம் நம்பர், எங்கேயோ எதிர் பாக்ஸ் பக்கம் இருந்தவன், ஓடி வரான். கேமரா அகலமா இருந்ததால தெரிஞ்சுது. மைதானத்துல முக்கால்வாசி தூரம். கடைசியில காலை நீட்டி விழுந்து பந்தை வெளிய தட்டினான். வெறும் த்ரோ-இன். எழுந்து ஷார்ட்ஸ்ல ஒட்டின புல்லைத் தட்டிக்கிட்டு, அவன் பாட்டுக்குத் தன் இடத்துல போய் நின்னான். யாரும் கை தட்டலை. கேமரா அப்போ கோச் முகத்தைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

#22 கம்பத்துக்காவலன்

முதல் ரெண்டு எட்டு பார்த்தியா?

#23 இடதுகால்

பார்த்தேன் அண்ணே. பந்து கார்னர்லேர்ந்து வெளிய வர்றதுக்கு முன்னாடியே திரும்பியிருந்தான்.

#24 கடைசிவரிசை

வீடியோ இருந்தா யாராவது இங்க போடுங்களேன். அந்த ஓட்டம் மட்டும் போதும்.

#25 இடதுகால்

ஹைலைட்ஸ் முழுசாப் பார்த்துட்டேன் அக்கா. மூணு கோலும் இருக்கு, கோச் முகமும் இருக்கு. அது இல்லை.